ஈரம் காய்வதற்குள்: பினாங்கு வெயிலில் கொலோடியன் தட்டுப் படம்

கொலோடியன் திரவத்தில் கலந்திருக்கும் ஈதர் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸில் கொதிக்கும். பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுவது அன்றாடச் செய்தி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள மூன்று பாகைக்குள்தான் நம் வேலை முழுவதும் நடந்தாக வேண்டும்.

ஈரத் தட்டுக் கொலோடியன் என்னும் பழைய புகைப்பட முறைக்கு நல்ல கையேடுகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. "அறை வெப்பம்" என்று அவர்கள் சொல்வது 20 பாகை. நம் அறையின் வெப்பம் அதுவல்ல. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, என் முதல் பதினொரு தட்டுகளைச் சாம்பல் பூத்த பலகைகளாக்கினேன். இங்கே, இந்தப் புழுக்கத்தில் முதல் தட்டை ஊற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முறை எளிமையானது. கண்ணாடியின் மீதோ கறுப்பு பூசிய உலோகத் தகட்டின் மீதோ கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் படலமாக்க வேண்டும். அதைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கினால் ஒளியை உணரத் தொடங்கும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, இருட்டறைக்குக் கொண்டுவந்து உருத்துலக்கிவிட வேண்டும், அதாவது மறைந்திருக்கும் படத்தை வேதிக் கரைசலால் தெரியவைக்க வேண்டும். பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851 மார்ச்சில் இதை வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, 1857இல் ஏழையாகவே இறந்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான படங்கள் அவர் காட்டிய வழியில்தான் எடுக்கப்பட்டன.

பினாங்குக்கும் இந்த முறை புதிதல்ல. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்தார். பிறகு பினாங்கிலும் அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட செபராங் பிறையிலும் சுமார் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். இங்கே இரண்டு மதராஸ்காரர்களைப் பழக்கி, அச்சு எடுக்கவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தன் பயண நூலில் குறிப்பிடுகிறார். நம்மவர்களுக்கு அன்றைய வெள்ளையர் வைத்திருந்த, இன்று நாம் காது கொடுக்க விரும்பாத சொல்லால்தான் அவர்களைச் சுட்டுகிறார். பெயர் எழுதவில்லை. எனக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதே வேளை ஒரு தெம்பும் உண்டு: குளிர்சாதனம் இல்லாத காலத்தில், இதே வெயிலில், நம் ஊர்க்காரர்கள் இருவர் இந்தத் தொழிலைக் கற்றிருக்கிறார்கள்.

தகரமா, கண்ணாடியா?

புதியவர்கள் முதலில் குழம்பும் இடம் இது. கொலோடியன் தட்டில் படிவது மெல்லிய வெள்ளிப் படலம். அதன் நிறம் பாலாடை போன்ற வெளிர் சாம்பல். அதைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் வெள்ளி படிந்த இடம் வெளிச்சமாகவும், படியாத இடம் கறுப்பாகவும் தெரியும், நேர்ப்படம் கிடைத்துவிடும். கறுப்பு உலோகத் தகட்டில் எடுத்தால் அது டின்டைப். கண்ணாடியில் எடுத்துப் பின்னால் கறுப்பு பூசினால் ஆம்புரோடைப். அதே கண்ணாடியில் வெள்ளியை இன்னும் தடிப்பாகப் படியவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது நெகட்டிவ். அதிலிருந்து தாளில் எத்தனை அச்சு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

டின்டைப்பில் டின் என்னும் வெள்ளீயம் கிடையாது. அந்தக் காலத்தில் அது கறுப்பு அரக்குப் பூசிய இரும்புத் தகடு. இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது கறுப்பு எனாமல் பூசிய அலுமினியம்.

டின்டைப்பில் தொடங்குங்கள். நெகட்டிவ் உங்களிடம் கணக்குக் கேட்கும். டின்டைப் பல பிழைகளை மன்னித்துவிடும். முப்பது டின்டைப்புக்கு முன் கண்ணாடியைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. கண்ணாடியிலேயே தொடங்கி வென்ற நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் வேலை செய்வது குளிர்சாதன அறையில்.

வாங்க வேண்டியவை

அலுமினியத் தகட்டுக்குப் புகைப்படக் கடைக்குப் போகவேண்டாம். விளையாட்டுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கும் கடையில் ஒரு பக்கம் பளபளப்பான கறுப்பு, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் என்று தகடுகள் இருக்கும். 4க்கு 5 அங்குலமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு துண்டில் கொலோடியனை ஊற்றிப் பாருங்கள். சில கறுப்புப் பூச்சுகள் ஈதரில் கரைந்து உரிந்துவிடும். கண்ணாடிக்கு எந்தக் கண்ணாடிக் கடையும் போதும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடியே நல்லது.

கேமராவுக்குப் பெரும் செலவு செய்யாதீர்கள். 4க்கு 5 அங்குலப் பிலிம் போடும் எந்தப் பழைய கேமராவும் போதும். தட்டைத் தாங்கும் சட்டத்தை மட்டும் மாற்றவேண்டும். பிலிம் சட்டத்தின் நடுத்தடுப்பை வெட்டி, நான்கு மூலைகளிலும் தட்டு உட்காரும்படி பிளாஸ்டிக் முக்கோணங்களை ஒட்டினால் முடிந்தது. மரச்சட்டமாக இருந்தால் உட்புறத்துக்கு எபாக்சி பூசுங்கள். தட்டிலிருந்து வழியும் வெள்ளிக் கரைசல் மரத்தில் ஊறி, அடுத்த தட்டின் விளிம்பில் கறையாகத் திரும்பி வரும்.

வேதிப்பொருள்களில் சில நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்தவை. உருத்துலக்கும் கரைசலான உருத்துலக்கியின் உயிர்ச்சத்து பெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பு. அதற்குச் சித்த மருத்துவத்தில் அன்னபேதி என்று பெயர். கண்ணாடி துலக்கும் கால்சியம் கார்பனேட், சீமைச்சுண்ணாம்பு. அதற்காக லெபோ பாசார் தெருவில் நாட்டு மருந்துக் கடை ஏறி அன்னபேதி வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன், கரைத்தபோது அடியில் பாதி மண். ஆய்வுக்கூடத் தரம்தான் வேண்டும். இவற்றோடு சில்வர் நைட்ரேட், கிளேசியல் அசெட்டிக் அமிலம், 95 விழுக்காட்டு எத்தில் ஆல்கஹால், ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட், காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் நைட்ரிக் அமிலம் ஆகியவையும் வேண்டும். பட்டியலில் விலை அதிகமானது சில்வர் நைட்ரேட். ஆனால் அது ஒருமுறைச் செலவு. ஒழுங்காகப் பராமரித்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கொலோடியனை நீங்களே கலக்க வேண்டாம். வெடிபஞ்சின் உறவான நைட்ரோசெல்லுலோசை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடும் புரோமைடும் சேர்த்ததுதான் அது. இந்த உப்புகள் சேர்த்துத் தயாராகக் கிடைப்பதை வாங்குங்கள். வாங்கும்போது வெப்ப நாட்டுக்கான கலவை கேளுங்கள், அதாவது ஈதர் குறைவு, ஆல்கஹால் அதிகம். இந்த ஒரு சொல் எனக்குத் தெரியாமல் போனதற்கு அந்தப் பதினொரு தட்டுகளே சாட்சி. ஈதரைத் தனியாக வாங்கும் நிலை வந்தால் கடையில் அடையாள அட்டையும் காரணமும் கேட்பார்கள்; சலித்துக்கொள்ளாதீர்கள். போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படும் பொருள் என்று 1988ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை பட்டியலிட்டவற்றில் ஈதரும் ஒன்று.

முதல் தட்டுக்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் தயவுசெய்து வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே சுடரைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். நம் வீடுகளில் சுடர் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். பூஜை மாடத்தில் விளக்கு. அதன் பக்கத்தில் ஊதுவத்தி. பின்கட்டில் எரிவாயு அடுப்பு. என் வீட்டில் கொலோடியன் நாள்களில் அம்மா விடியற்காலையே விளக்கேற்றி, அது தணிந்த பிறகுதான் எனக்கு அனுமதி தருவார். ஜன்னல்கள் திறந்திருக்கவேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் கொலோடியன் புட்டியை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் கறுக்கும். மருதாணியைப் போல வாரக்கணக்கில் நிற்கும். தோலில் கறை, அவ்வளவுதான். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வெள்ளித் தொட்டியின், அதாவது சில்வர் நைட்ரேட் கரைசல் உள்ள தொட்டியின், பக்கம் போகக்கூடாது. கையுறையும் வேண்டும்.

பழைய நூல்கள் படத்தை நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடைச் சொல்லும். இன்றும் சிலர் அதன் மினுமினுப்புக்காக விடாப்பிடியாகப் பயன்படுத்துகிறார்கள். உருத்துலக்கியில் இருப்பது அமிலம். அமிலமும் சயனைடும் சேர்ந்தால் எழுவது ஆளைக் கொல்லும் வாயு. ஆகவே நாம் ஹைப்போவால் நிலைநிறுத்துவோம். அதில் படம் சற்று வெதுவெதுப்பான நிறமாக வரும். வரட்டும்.

வெள்ளித் தொட்டி

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 90 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரையுங்கள். நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தன்மை அளவை (pH) 4க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கொலோடியன் பூசிய ஒரு தட்டை இரவு முழுவதும் அதில் ஊறவிடுங்கள். புதுக் கரைசல் பசியோடு இருக்கும். முதல் தட்டுகளின் அயோடைடைத் தின்றுவிடும். ஒரு தட்டை முன்கூட்டியே படைத்துவிட்டால் அடங்கிவிடும்.

நாளடைவில் தட்டுகளிலிருந்து வரும் ஆல்கஹாலும் தூசும் சேர்ந்து கரைசல் மங்கும். இதற்கு மருந்து நம்மிடம் இலவசமாகவே இருக்கிறது. தெளிந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். அழுக்கெல்லாம் கறுப்பாக அடியில் படியும். வடிகட்டி, அமில அளவைச் சரிபார்த்துத் திரும்ப ஊற்றலாம். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு நல்ல நாள் வெயில் பல நேரங்களில் போதுகிறது.

ஊற்றுதல்

காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். பத்தரைக்குக் கடையைக் கட்டுங்கள். வெப்பத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அது எழுமுன் வேலையை முடிப்பது மேல். கொலோடியன் புட்டியை முந்தைய இரவே அறையின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்துவிடுங்கள். சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடாது. அதற்குள் எழும் மின்பொறி ஈதர் ஆவிக்குப் போதும்.

தகட்டின் பிளாஸ்டிக் தாளை உரித்து, தூசி போக ஊதுங்கள். கண்ணாடியானால் வேலை அதிகம்: நான்கு விளிம்புகளையும் சாணைக்கல்லில் தேய்த்து, சீமைச்சுண்ணாம்பை ஆல்கஹாலிலும் நீரிலும் குழைத்துத் துலக்கி, மூச்சு விட்டால் ஆவி ஒரே சீராகப் படிந்து மறையும்வரை துடைக்கவேண்டும். நீர் ததும்பும் நம் காற்றில் படலம் விளிம்பிலிருந்து உரிந்துபோவது அடிக்கடி நடக்கும். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை அரை லிட்டர் நீரில் அடித்து வடிகட்டி, பஞ்சால் விளிம்பைச் சுற்றிப் பூசிக் காயவிட்டால் படலம் பிடித்துக்கொள்ளும்.

இனி ஊற்றுவது. ஆப்பம் சுட்டவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. சட்டியில் மாவை ஊற்றிக் கரண்டியால் தேய்ப்பதில்லை. சட்டியைச் சாய்த்துச் சுழற்றுகிறோம், மாவு தானே ஓடிப் பரவுகிறது. தட்டை இடக்கையின் விரல் நுனிகளில் தட்டையாகத் தாங்கி, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய குளமாகத் தொடங்கி, தட்டில் பாதிக்குமேல் பரவும் அளவுக்கு நிறுத்தாமல் ஊற்றுங்கள். முதல் மூலைக்குச் சாயுங்கள். தொட்டதும் இரண்டாவது மூலைக்கு, பிறகு மூன்றாவதுக்கு. நான்காவது மூலையில் மிச்சத்தைப் புட்டிக்குள்ளேயே வடியவிடுங்கள். வடியும்போது தட்டை இப்படியும் அப்படியும் மெல்ல அசைக்கவேண்டும். இல்லாவிட்டால் வாழைத்தண்டு நார்போல் கோடுகள் விழும். போன வழியில் திரும்பி வரக்கூடாது. விட்டுப்போன இடத்தில் மறுபடி ஊற்றவும் கூடாது.

இவை எல்லாம் பத்து நொடிக்குள் முடியவேண்டும். வெறும் கண்ணாடியில், ஆல்கஹாலில் சற்றே தேன் கலந்து ஐம்பது முறை பழகுங்கள். நான் பழகவில்லை. சமையலறைத் தரையின் ஓடுகள் சாட்சி.

வடிந்ததும் கீழ்மூலையை விரலால் தொட்டுப் பாருங்கள். ரேகை பதிந்து, கையில் ஒட்டாமல் இருந்தால் பதம். குளிர்நாட்டில் இதற்கு 20 நொடிவரை ஆகலாம். இங்கே எட்டு அல்லது பத்து நொடியில் வந்துவிடும். பதம் தாண்டினால் மேல்மூலை காய்ந்து, அங்கே வெள்ளி ஏறாமல் மேகமாக நிற்கும். மின்விசிறியை அணைத்துவிட்டீர்களா? நல்லது.

அறை விளக்கை அணைத்துச் சிவப்பு மின்விளக்கைப் போடுங்கள். தட்டை ஒரே சீராக, நடுவில் தயங்காமல் வெள்ளித் தொட்டியில் இறக்குங்கள். தயங்கினால் குறுக்கே கோடு விழும். மூன்று நிமிடம். இடையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எண்ணெய் வழிவதுபோல் கீற்றுகள் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. கரைசல் தடையின்றிச் சீராக வழிந்தால் எடுத்து, பின்புறத்தைத் துடைத்துச் சட்டத்தில் பூட்டுங்கள். இனிச் சட்டத்தைத் தலைகீழாக்கவோ படுக்கவைக்கவோ கூடாது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

படம் எடுத்தல்

தட்டு காய்வதற்குப் பத்து நிமிடம் என்று நூல்கள் சொல்லும். நான் ஐந்து என்று வைத்திருக்கிறேன். ஆகவே உட்காருபவரை நாற்காலியில் இருத்தி, கூர்மை பார்த்து, எல்லாம் முடித்த பிறகுதான் தட்டை ஊற்றவேண்டும். தட்டை ஊற்றிவிட்டு "சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்பவரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தட்டின் ஒளியுணர் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 1, சில நேரம் அதில் பாதி. ஒளிமானி உதவாது, தட்டுக்குத் தெரிவது நீலமும் புறஊதாவும் மட்டும். கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில், வானம் பார்த்த நிழலில், லென்ஸ் துவாரம் f/5.6 என்றால் காலை எட்டரை மணிக்கு நான் நான்கு நொடியில் தொடங்குவேன். திறந்த வெயிலில் ஒரு நொடி. மாலை ஐந்துக்குமேல் நம் கண்ணுக்கு வெளிச்சம் அழகாக இருக்கும். தட்டுக்கு அது இருட்டு. புகைமூட்ட மாதங்களிலும் அப்படித்தான். உட்காருபவரின் தலைக்குப் பின்னால் ஒரு கம்பி நிறுத்தி முட்டுக்கொடுங்கள். கண் இமைக்கலாம், தலைதான் ஆடக்கூடாது.

நிறங்களின் விளையாட்டுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். என் சித்தி கருநீலப் பட்டுடுத்தி, குங்குமம் இட்டு உட்கார்ந்தார். தட்டில் புடவை வெளுத்துச் சாயம் போனதாயிற்று. குங்குமம் கறுப்புச் சாந்துப் பொட்டாயிற்று. மல்லிகை மட்டும் மல்லிகையாகவே இருந்தது. விபூதி வெள்ளையாக நிற்கும், மஞ்சள் பூசிய முகம் கறுக்கும். மாநிறத் தோலும் கண்ணுக்குத் தெரிவதைவிட இரண்டு படி கறுத்தே வரும். முகத்தருகே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்து ஒளியைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் படம் பார்த்தவர் உங்களிடம் பேசமாட்டார்.

இன்னொன்று: டின்டைப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியே வரும். சித்தியின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. மூக்குத்தியும் பக்கம் மாறியது. லிட்டில் இந்தியாவின் கடைப் பெயர்ப்பலகைகளை எடுக்க ஆசைப்பட்டால் அதை நெகட்டிவுக்கு ஒதுக்கிவையுங்கள். அச்செடுக்கும்போது எழுத்து நேராகிவிடும்.

உருத்துலக்குதல்

இங்கேதான் நம் ஊர் வெப்பம் ஆளைத் தோற்கடிக்கும். வழக்கமான கலவை இது: நீர் 350 மில்லி லிட்டர், பெரஸ் சல்பேட் 15 கிராம், கிளேசியல் அசெட்டிக் அமிலம் 15 மில்லி லிட்டர், ஆல்கஹால் 18 மில்லி லிட்டர். 20 பாகையில் இது 15 நொடியில் அமைதியாக வேலை செய்யும். 31 பாகையில் ஐந்து நொடியில் படம் பாய்ந்து வந்து, அடுத்த ஐந்தில் நிழற்பகுதி எல்லாம் மூடுபனியாகிவிடும். என் பதினொரு தட்டுகள் செத்தது இப்படித்தான்.

இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். அமிலத்தை 25 மில்லி லிட்டராக உயர்த்துங்கள். இரும்பின் வேகத்துக்கு அது கடிவாளம். அடுத்து, உருத்துலக்கிப் புட்டியைத் தண்ணீரும் ஐஸும் போட்ட பெட்டியில் நிறுத்தி 20 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இது தண்ணீரில் கரைத்தது, தீப்பற்றும் அச்சமில்லை. நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஐஸ் கட்டி கேட்டால் எதற்கு என்று கேட்காமல் தருவார்கள்.

நான்குக்கு ஐந்து தட்டுக்கு 25 மில்லி லிட்டரைச் சிறு குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை மட்டமாகப் பிடித்து, அருகிலுள்ள விளிம்பின் முழு நீளத்திலும் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே வெள்ளி கழுவப்பட்டு ஓட்டை விழும். தட்டிலிருந்து கீழே வழியவிடவும் கூடாது. படத்தை உருவாக்கும் வெள்ளி அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. ஓடவில்லை, எண்ணெய்போல் திட்டுத்திட்டாக விலகுகிறது என்றால் ஆல்கஹாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதலில் வானமும் வேட்டியும் எழும். பிறகு நெற்றி, கன்னம். நிழலில் சட்டை மடிப்பு இலேசாகத் தலைகாட்டியதும் நிறுத்துங்கள்; குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்ற ஆசைதான் பெரும்பாலான தட்டுகளுக்கு எமன்.

இதற்குப் பிறகு விளக்கைப் போடலாம். 20 விழுக்காட்டு ஹைப்போ கரைசலில் தட்டை இடுங்கள். நீலம் பாய்ந்த பாலாடையாக, எதிர்ப்படம்போல் கிடக்கும் தட்டு விளிம்பிலிருந்து தெளிந்துகொண்டே வரும். முகம் அடியிலிருந்து மிதந்து எழும். உட்கார்ந்தவரை இந்த நேரத்தில் அருகில் அழையுங்கள். சித்தியின் குறை எல்லாம் அதைப் பார்த்த பிறகு சொன்னவைதான். பார்த்த கணத்தில் பேச்சே வரவில்லை.

பிறகு குழாய்த் தண்ணீரில் கழுவவேண்டும்: தகடு பதினைந்து நிமிடம், கண்ணாடி அரை மணி நேரம்.

வார்னிஷ்

பூச்சில்லாத தட்டு விரல் பட்டாலே கீறும். நம் காற்றில் நாளடைவில் கறுக்கவும் செய்யும். சாண்டராக் பிசினை ஆல்கஹாலில் கரைத்து லாவெண்டர் எண்ணெய் சேர்த்தது மரபான வார்னிஷ். அரக்கு வார்னிஷும் நல்லது. தட்டை ஸ்பிரிட் விளக்கின் மேல் உள்ளங்கை தாங்கும் சூட்டுக்கு வாட்டி, கொலோடியன் ஊற்றிய அதே முறையில் ஊற்றி, வடித்து, மறுபடி வாட்டவேண்டும். சூடு குறைந்தால் காற்றின் ஈரம் புகுந்து பூச்சு வெளிறிப் பூத்துவிடும். மழை நாளில் வார்னிஷ் வேலையே வேண்டாம். இதில் சுடர் இருப்பதை மறக்காதீர்கள். கொலோடியன் புட்டி மூடி வேறு அறைக்குப் போன பிறகு, வேறொரு நாளில் என்றால் இன்னும் நன்று.

கண்ணாடி நெகட்டிவுக்குப் போகிறவர்களுக்கு

மேலே சொன்ன அனைத்தும் பொருந்தும். இரண்டு இடங்களில் மட்டும் வழி பிரிகிறது. ஒளியை இரண்டு அல்லது மூன்று மடங்கு கூட்டுங்கள். உருத்துலக்கியில் இரும்பைக் குறைத்து, அதிக நேரம் விடுங்கள். கழுவிய தட்டை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, படத்தின் வெளிச்சப் பகுதி வழியாகச் செய்தித்தாளைப் பாருங்கள். எழுத்து எளிதாகப் படிக்க வந்தால் தட்டு மெலிவு. பைரோகாலிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த கரைசலில் சில சொட்டுச் சில்வர் நைட்ரேட் விட்டு அதன்மேல் ஊற்றினால் வெள்ளி இன்னும் ஏறித் தடிக்கும். பைரோகாலிக் நச்சு, கையுறையோடு செய்யுங்கள். அச்சுக்கு இருட்டறை வேண்டாம். உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்த தாளில் சில்வர் நைட்ரேட் பூசி, நெகட்டிவோடு சட்டத்தில் இறுக்கி மாடி வெயிலில் வைத்தால் போதும். வேண்டிய கருமையைவிட ஒரு படி கூடுதலாகக் கறுக்கவிடுங்கள். நிலைநிறுத்தும்போது அது இறங்கும்.

பிழை வந்தால்

தட்டு முழுவதும் மூடுபனி என்றால் முதலில் உருத்துலக்கியின் வெப்பம், அடுத்து வெள்ளித் தொட்டியின் அமிலம், அதன் பிறகே கேமராவின் ஒளிக்கசிவு என்ற வரிசையில் பாருங்கள். சிவப்பு விளக்கின்மீது ஐயம் இருந்தால், வெள்ளி ஏறிய தட்டின்மேல் நாணயம் ஒன்றை வைத்து அந்த விளக்கின் கீழே மூன்று நிமிடம் விட்டு உருத்துலக்குங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு பொய். வால்நட்சத்திரம்போல் வாலோடு புள்ளிகள் விழுந்தால் கொலோடியனில் தூசு. ஒரு நாள் அசையாமல் வைத்து மேல்தெளிவை மட்டும் எடுங்கள். மூலையில் சிப்பிபோல் கறை என்றால் தாங்குசட்டம் அழுக்கு. படலத்தில் மீன்செதில் நெளிவு தெரிந்தால் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. 95 விழுக்காடு என்று எனக்கு ஒரு கடையில் விற்றது அந்த அளவில் இல்லை என்பதைச் செதில்கள்தான் காட்டிக்கொடுத்தன.

கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளில் புகைப்பட வேதிக்கழிவும் இருக்கிறது. வெள்ளி கலந்த கழுவுநீரைத் தனி வாளியில் சேர்த்துக் கல்லுப்புப் போடுங்கள். வெள்ளி தயிர்போல் திரிந்து அடியில் இறங்கும். பழைய ஹைப்போவைத் தனிக் கலனில் வைத்து, உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். சில்வர் நைட்ரேட் கழிவில் அம்மோனியா கலக்கவே கூடாது. கலந்து அப்படியே வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வார்னிஷ் பூசும் முன் தட்டின் ஓரத்தில் ஊசியால் நாள், துவாரம், எத்தனை நொடி, உட்கார்ந்தவர் பெயர், தண்ணீர் ஊற்றி உதவியவர் பெயர் எல்லாம் கீறிவிடுங்கள். தகட்டில் நேராகவே எழுதலாம். கண்ணாடி நெகட்டிவில் மட்டும் இடவலம் மாற்றி எழுதவேண்டும். அப்போதுதான் அச்சில் பெயர்கள் படிக்கும்படி வரும்.